கம்பெனி கேட்டுக்கு உள்ளே முதல் தொண்ணூறு நாள்: ஆன்போர்டிங் என்றால் என்ன, எப்படிக் கட்டுவது?

ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்த பையன் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டால், மேலிடத்தில் வழக்கமாக ஒரு பதில் கிடைக்கும்: “இந்தக் காலத்துப் பசங்களுக்கு எங்க சார் பொறுமை?” அதோடு பேச்சு முடிந்தது. முதல் வாரத்தில் அவனிடம் யார் பேசினார்கள், சேஃப்டி ஷூ எப்போது கைக்கு வந்தது, இரவு ஷிஃப்ட் முடிந்து எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று யாராவது சொன்னார்களா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், பொறுமை இல்லாதது பையனுக்கா கம்பெனிக்கா என்பது தெரிந்துவிடும்.

ஆன்போர்டிங் என்று எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) ஆட்கள் சொல்லும் ஏற்பாடு என்ன, ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்யும் இடத்தில் அதை எங்கிருந்து தொடங்குவது என்பதை இங்கே பார்க்கலாம். உதாரணங்களுக்கு வடசென்னையின் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் ஐ.டி. கம்பெனியில் இருந்தால் ஷூ என்று வருகிற இடத்தில் லேப்டாப் என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பெரிய வித்தியாசம் இருக்காது.

இண்டக்‌ஷன் முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

பல கம்பெனிகளில் நடப்பது இண்டக்‌ஷன். புதிதாக வந்தவர்களை ஏசி ஹாலில் உட்கார வைப்பார்கள். கம்பெனி எந்த வருடம் தொடங்கியது, எத்தனை நாட்டுக்கு ஏற்றுமதி, நம் கொள்கைகள் என்ன என்று வரிசையாக ஸ்லைடு ஓடும். நடுவில் டீ, பிஸ்கட். மதியத்துக்கு மேல் பாதிப் பேருக்குக் கண் சொக்கும். மாலையில் பத்துப் பதினைந்து இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அடுத்த நாள் காலை டிபார்ட்மென்ட்டில் போய் நின்றால், “யார் நீ? உன்னை யார் அனுப்பினது?” என்பார்கள்.

ஆன்போர்டிங் இதைவிட நீளமானது. வேலை உறுதியான நாளில் தொடங்கி, புதியவர் யாரையும் சார்ந்திருக்காமல் தன் வேலையைத் தானே பார்க்கும் நாள்வரை கம்பெனி திட்டமிட்டுச் செய்யும் எல்லாமும் இதில் சேரும். ஒரு நாள் இண்டக்‌ஷன் அதில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எத்தனை நாள் என்பது வேலையைப் பொறுத்தது. தொண்ணூறு நாள் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. பொறியாளர் வேலை என்றால் ஒரு வருடம்கூட ஆகலாம்.

டாலியா பாயர் என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் இதை நான்கு படியாகப் பிரித்துச் சொன்னார். முதலாவது சட்டமும் விதியும்: படிவம், பாதுகாப்பு விதி, அடையாள அட்டை. இரண்டாவது தெளிவு: என் வேலை என்ன, எது நன்றாகச் செய்ததாக எண்ணப்படும். மூன்றாவது பண்பாடு: இங்கே காரியங்கள் எப்படி நடக்கும். நான்காவது தொடர்பு: யாரிடம் போய்க் கேட்கலாம், யாருடன் உட்கார்ந்து சாப்பிடலாம். படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் முதல் படியை ஒழுங்காகச் செய்துவிட்டு, மற்ற மூன்றும் தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அது தானாக நடந்த காலம் ஒன்று உண்டு. அங்கேதான் வடசென்னை கதைக்குள் வருகிறது.

தெரு பார்த்துக்கொண்ட வேலை

பெரம்பூர் பக்கம் பின்னி மில், 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கிய எண்ணூர் அசோக் லேலண்ட், மணலியில் 1960-களில் வந்த சுத்திகரிப்பு ஆலை என்று இந்தப் பகுதியே கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தது. ஒரே தெருவில் நாலைந்து பேர் ஒரே கம்பெனியில் இருப்பார்கள். புதிதாகச் சேரும் பையனுக்கு அந்த இடம் பாதி தெரிந்த இடம். அப்பாவோ மாமாவோ எதிர்வீட்டு அண்ணனோ சேரும் முன்பே சொல்லிவிடுவார்: “அந்த ஃபோர்மேன் கத்துவாரு, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு. கேண்டீன்ல பத்து நிமிஷம் முன்னாடி போ. ஹாஸ்பிடல் சீட்டு வேணும்னா இன்னாரைப் பாரு.”

பாயர் சொன்ன மூன்றாவது, நான்காவது படிகளை அன்றைக்குத் தெரு பார்த்துக்கொண்டது. கம்பெனி செலவு செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

இன்றைக்கு அதே கேட்டில் நிற்பவர்கள் வேறு. விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்து திருவொற்றியூரில் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கும் பையன். வியாசர்பாடியிலிருந்து வரும் பெண், அவள் வீட்டில் தொழிற்சாலைக்குள் கால் வைக்கும் முதல் ஆளே அவள்தான். பீகார், ஒடிசாவிலிருந்து கான்ட்ராக்டில் வந்தவர்கள். இவர்களுக்கு உள்ளே யாரும் மாமா இல்லை. கம்பெனியோ, இன்னும் மாமா இருக்கிற மாதிரியே நடந்துகொள்கிறது. ஆன்போர்டிங் திட்டம் கட்டுவது என்றால், தெரு சும்மா செய்துகொண்டிருந்த வேலையைக் கம்பெனி தன் கணக்கில் எடுத்துக்கொள்வது. இதை மனதில் வைத்துக்கொண்டால், திட்டத்தில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதில் குழப்பம் குறையும்.

பயத்தைக் குறைத்தால் என்ன நடக்கும்?

இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் நடந்தது. மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் புதிதாக வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு மணி நேர அறிமுகம் கொடுத்து நேராக வேலைக்கு அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்கு அந்த இரண்டு மணி நேரத்தோடு, நாளின் மீதி நேரம் முழுவதும் உட்கார வைத்துப் பேசினார்கள். வேலையைப் பற்றியே அல்ல, நாலே விஷயத்தைப் பற்றி.

இந்த வேலையைக் கற்றுக்கொள்வது உன்னால் முடியும், உனக்கு முன் வந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும் கற்றுக்கொண்டார்கள் என்பது முதல் விஷயம். பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள், அது இங்கே ஒரு விளையாட்டு, பாதியை நம்பாதே என்பது இரண்டாவது. சந்தேகம் வந்தால் நீயாகப் போய்க் கேள் என்பது மூன்றாவது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது: உன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள். அவர் கண்டிப்பானவர், ஆனால் நல்லவர், கொஞ்சம் கூச்ச சுபாவம், மீன் பிடிப்பதில் ஆசை உள்ளவர், நீயாகப் போய்ப் பேசினால் சந்தோஷப்படுவார் என்கிற அளவுக்குச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு அண்ணன் சொல்வதும் இதைத்தானே?

இரண்டாவது கூட்டத்துக்குப் பயிற்சிக் காலம் பாதியாகக் குறைந்தது. வேலைக்கு வராமல் இருப்பதும் தாமதமாக வருவதும் பாதியானது. வீணாகும் பாகங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கின. ஒரே ஒரு நாள் பேச்சுக்கு இத்தனை பலன். அந்தச் சோதனை நடந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. இன்னும் நம் இண்டக்‌ஷன் ஹாலில் ஏற்றுமதி நாடுகளின் வரைபடம்தான் ஓடுகிறது.

சேருவதற்கு முன்னாலேயே

ஆஃபர் லெட்டர் கொடுத்த நாளுக்கும் சேரும் நாளுக்கும் நடுவே சில வாரங்கள் இருக்கும். நோட்டீஸ் பீரியட் நீளமான வேலைகளில் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். இந்த இடைவெளியில் கம்பெனி வாயைத் திறக்காமல் இருந்தால், ஆள் வேறு இடம் பார்த்துக்கொள்வார். வாரம் ஒரு முறை போன் போட வேண்டும் என்று சொல்லவில்லை. எப்போது, எங்கே, யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று தமிழில் ஒரு செய்தி அனுப்பினாலே போதும்.

ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் போயிருக்கும். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் மாதிரி உட்கார்ந்திருக்கும். பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இருக்காது. நமக்கு நாலும் ஒரே ஆள்தான். பி.எஃப். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண் ஆதாரோடு இணைந்திருப்பதால், பெயரோ பிறந்த தேதியோ ஒத்துப்போகாவிட்டால் பிறகு பணம் எடுக்கும்போது இடிக்கும். திருத்துவதற்குச் சில சமயம் ஊழியரும் கம்பெனியும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டிவரும். சேரும் நாளில் இதைக் கண்டுபிடித்தால் அலைச்சல், மூன்று வாரம் முன்பே நாலு ஆவணத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிட வேலை.

முன்பு வேறெங்காவது, ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் ஆறு மாதம் வேலை செய்திருந்தாலும், யு.ஏ.என். இருக்கிறதா என்று கேளுங்கள். வேலை மாறினாலும் எண் மாறாது, ஒரு ஆளுக்கு ஒன்றுதான். பலருக்கு இது தெரியாது. “இல்லை” என்று டிக் அடித்துவிட்டு, அப்புறம் பழைய பணம் எங்கே என்று தேடுவார்கள்.

சம்பளத் தேதியையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வொரு கம்பெனியிலும் சம்பளக் கணக்கை மூடும் நாள் ஒன்று உண்டு. அதற்குப் பின் சேர்ந்தவருக்கு அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முதல் சம்பளத்தை நம்பி இருக்கும் பையனுக்கு, இது சின்ன விஷயம் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் யாரிடமாவது கைமாற்று வாங்கிச் சமாளிப்பான். தெரியாவிட்டால் முதல் மாதமே கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைப்பான்.

வழி சொல்வதும் இதில் சேர்த்திதான். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் திருவொற்றியூர்ப் பக்கம் வந்து சேருவது எளிதாகிவிட்டது. மணலிக்கு அப்படி இல்லை. அங்கே பயணிகள் ரயில் போகாது, பஸ்ஸோ பைக்கோதான், அதுவும் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே. கூகுள் மேப் அரை மணி என்று காட்டும் தூரம் ஒன்றரை மணி நேரம் ஆகும் நாட்கள் உண்டு. முதல் நாளே லேட் என்று கேட்டில் நிறுத்தி வைப்பதற்கு முன், கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்கு என்று சொன்னோமா என்று எச்.ஆர். தன்னைத்தானே கேட்டுக்கொள்ளலாம்.

முதல் நாள்

முதல் நாளுக்கு என் அளவுகோல் எளிமையானது. புதியவர் கேட்டுக்கு வரும்போது செக்யூரிட்டியிடம் அவர் பெயர் இருக்க வேண்டும். அவர் அளவுக்கு ஷூவும் ஹெல்மெட்டும் எடுத்து வைத்திருக்க வேண்டும். லாக்கர், கழிப்பறை, குடிதண்ணீர், கேண்டீன் ஆகிய நாலும் எங்கே என்று ஒருவர் கூடவே நடந்து காட்ட வேண்டும். பெண்களுக்கு இந்தக் கழிப்பறை விஷயம் எவ்வளவு பெரிது என்று ஆண்கள் மட்டுமே திட்டம் போட்ட இடங்களில் பார்த்தாலே தெரியும். ஷாப் ஃப்ளோரிலிருந்து எத்தனை நிமிட நடை என்றுகூட அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

பாதுகாப்புக்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள். அபாயகரமான தொழிற்சாலைகளில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத் தொழிலாளருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது, 1984 போபால் விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் செய்த திருத்தத்திலேயே வந்துவிட்டது. சொல்வதிலும் விதம் இருக்கிறது. நாற்பது விதிகளை ஸ்லைடில் காட்டுவது ஒரு விதம். ஆளை வெளியே கூட்டிப் போய், கம்பத்தின் உச்சியில் ஆடும் ஆரஞ்சு நிறத் துணிப் பையைக் காட்டுவது இன்னொரு விதம். அதுதான் விண்ட் சாக். வாயு கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதை. காற்று போகிற திசையிலேயே ஓடக் கூடாது. குறுக்கே நகர்ந்து, காற்று வருகிற பக்கமாகப் போக வேண்டும்.

இதில் கடலோரத்துக்கே உரிய ஒரு நுணுக்கமும் உண்டு. கோடையில் காலை வேளையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எதிர்ப்பக்கமிருந்து அடிக்கும். காலை ஷிஃப்ட்டில் பாதுகாப்பாக இருந்த அசெம்ப்ளி பாயின்ட் (ஆபத்து வந்தால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடம்), அதே நாள் மாலையில் வாயு வந்து சேருகிற இடமாகிவிடலாம். அதனால் “சங்கு ஊதினால் இரண்டாம் நம்பர் பாயின்ட்டுக்கு ஓடு” என்று மனப்பாடம் செய்ய வைப்பது அரைப் பாடம். மேலே பார், அப்புறம் முடிவு செய் என்பதுதான் முழுப் பாடம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா நெடியில் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிய மக்களுக்கு இதன் அருமை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் பாதுகாப்புப் பாடம் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் மொழிபெயர்த்துச் சொல்லுவார் என்று விடக் கூடாது. புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். “எங்கே ஓடுவாய், செய்து காட்டு” என்று கேளுங்கள்.

சூப்பர்வைசரும் தலைக்கணக்கும்

பெரிய கம்பெனிகளில் ஆன்போர்டிங் தோற்கிற இடம் ஹால் அல்ல, டிபார்ட்மென்ட். எச்.ஆர். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும் புதியவர் தினமும் எட்டு மணி நேரம் பார்ப்பது சூப்பர்வைசரின் முகத்தைத்தான்.

அவர் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. அவர் நிலைமையைப் பாருங்கள். லைனுக்கு இருபது ஆள் வேண்டும், பதினெட்டுதான் இருக்கிறது. இரண்டு புதியவர்கள் வந்ததும் மேலிடத்துத் தாளில் இருபது நிறைந்துவிட்டது, அன்றைய டார்கெட்டும் இருபது பேருக்கு. கற்றுக்கொடுக்க ஒருவரை நிறுத்தினால் உற்பத்தி குறையும், மாலை மீட்டிங்கில் திட்டு விழும். அவர் என்ன செய்வார்? “அவன் செய்யறதைப் பாத்துக் கத்துக்கோ” என்று சொல்லிவிட்டுப் போவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இதற்கு மருந்து பயிற்சி வகுப்பு அல்ல, கணக்கு. முதல் இரண்டு வாரம் புதியவரை அரை ஆளாகக் கணக்கிட்டு, அதற்கேற்ப டார்கெட்டைக் குறையுங்கள். இதற்கு உற்பத்திப் பிரிவுத் தலைவரின் கையெழுத்து வேண்டும், எச்.ஆர். மட்டும் நினைத்தால் நடக்காது. ஒரு பெரிய கம்பெனியில் ஆன்போர்டிங் திட்டம் நிஜமா பேச்சா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: புதியவர் வந்த வாரம் டார்கெட் குறைந்ததா?

அதன்பின் சூப்பர்வைசரிடம் கேட்பது கொஞ்சம்தான். முதல் நாள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும்: என்னை எப்படிக் கூப்பிடலாம், லீவு வேண்டுமென்றால் எப்போது சொல்ல வேண்டும், எதற்கு எனக்குக் கோபம் வரும். முதல் வாரக் கடைசியில் இன்னொரு பத்து நிமிடம். முப்பதாம் நாளுக்குள் புதியவர் என்னென்ன தனியாகச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரிடமும் இருக்க வேண்டும். அதே மாதிரி அறுபதுக்கு, தொண்ணூறுக்கு. “நல்லா வேலை செய்” என்பதெல்லாம் அந்தத் தாளில் வரக் கூடாது. “மூன்றாம் நம்பர் மெஷினில் டூல் மாற்றி, முதல் பீஸை அளந்து காட்ட வேண்டும்” என்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கூட ஒரு ஆள்

பட்டி (buddy) என்று ஒருவரை நியமிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய ஊழியர் ஒருவர், புதியவருக்குத் துணை. யோசனை நல்லது, ஆனால் பெரும்பாலும் தாளோடு நின்றுவிடுகிறது. காரணம் சாதாரணமானது: இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். துணை ஆள் ஏ ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போதுதான் புதியவர் பி ஷிஃப்ட்டுக்கு உள்ளே வருகிறார். முதல் மாதம் முழுக்க இருவரையும் ஒரே ஷிஃப்ட்டில் சுற்ற வையுங்கள்.

ஆள் தேர்விலும் ஒரு தவறு நடக்கும். டிபார்ட்மென்ட்டிலேயே கெட்டிக்காரரைப் பிடித்துப் போடுவார்கள். இருபது வருடம் அனுபவம் உள்ளவருக்கு எது கஷ்டம் என்பதே மறந்துபோயிருக்கும். சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்தான் சரி. அவருக்குத் தான் தடுமாறிய இடமெல்லாம் இன்னும் நினைவிருக்கும். கேட்கும் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்.

ஹாலில் பேசாத விஷயங்கள்

சம்பளச் சீட்டை ஒரு முறை வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். ஆஃபர் லெட்டரில் பார்த்த சி.டி.சி. (ஒரு ஆளுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆளுக்கு, கையில் வரும் தொகை அதிர்ச்சியாகத்தான் இருக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால், அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப்.-க்குப் போகும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்குள் வருபவர் என்றால் அவர் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். அரையாண்டுக்கு ஒரு முறை மாநகராட்சிக்குத் தொழில் வரி. இ.எஸ்.ஐ. பிடித்தம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, வீட்டில் அம்மா அப்பாவையும் எப்படிச் சேர்ப்பது, எந்த மருந்தகத்துக்குப் போவது என்று சொன்னால்தான் அது பிடித்தமாகத் தெரியாமல் பயனாகத் தெரியும்.

நாமினி பெயரை அவசரத்தில் எழுதச் சொல்லாதீர்கள். கல்யாணம் ஆகாதவர் அம்மா பெயரையோ அப்பா பெயரையோ எழுதுவார். பிறகு கல்யாணம் ஆனால் பி.எஃப். நியமனத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதை யாரும் சொல்வதில்லை.

நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயம் என்பது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இருக்கிறது. அதைக் கையில் கொடுத்தால் போதாது, தகுதிகாண் காலம் எவ்வளவு, முடிந்ததும் என்ன ஆகும் என்ற வரிகளைச் சேர்ந்து படியுங்கள். 2013 சட்டத்தின்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான குழு இருக்கிறது, புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் முதல் வாரமே சொல்லுங்கள். குழுவில் இருப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் சேர்த்து. இதை ஆண்களிடமும் சொல்ல வேண்டும்.

சங்கத்தைப் பற்றிப் பேசத் தயங்கும் எச்.ஆர். ஆட்கள் உண்டு. அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான் உருவானது. அந்த ஊரில் இருந்துகொண்டு சங்கம் இருப்பதே தெரியாத மாதிரி நடித்தால், புதியவர் முதல் நாள் டீ நேரத்திலேயே வேறு யார் வாயாலோ கேட்டுத் தெரிந்துகொள்வார். கம்பெனி எதையோ மறைக்கிறது என்ற பாடமும் கூடவே ஏறும். இங்கே அங்கீகாரம் பெற்ற சங்கம் இது, சம்பள ஒப்பந்தம் இத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்று நேராகச் சொல்லிவிடலாம்.

பண்பாடு என்று கொள்கைப் பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்வதைவிட, ஆயுத பூசைக்கு முந்தின நாள் மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைக்கும் வேலையில் புதியவரையும் சேர்த்துக்கொள்வது மேல். அந்த அரை நாளில் யார் யாருக்கு என்ன, யார் சொன்னால் நடக்கும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதே நேரம், நம் பெருமையை அவர் தலையில் கொட்டுவது மட்டும் பண்பாடு ஆகாது. விப்ரோவின் பி.பி.ஓ. பிரிவில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், புதியவர்களில் ஒரு குழுவுக்குக் கம்பெனியின் பெருமையைச் சொல்லி, கம்பெனி பெயர் போட்ட மேல்சட்டை கொடுத்தார்கள். இன்னொரு குழுவிடம், நீங்கள் எதில் கெட்டிக்காரர், அதை இங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டு, அவரவர் பெயர் போட்ட சட்டை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது குழுவில்தான் வேலையை விட்டவர்கள் குறைவு. வாடிக்கையாளர்களும் அவர்களிடம் அதிகத் திருப்தி காட்டினார்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

புது ஸ்லைடு தயாரிப்பதில் தொடங்காதீர்கள். போன மூன்று மாதத்தில் சேர்ந்தவர்களில் பத்துப் பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, முதல் வாரத்தில் எங்கே முழித்துக்கொண்டு நின்றாய் என்று கேளுங்கள். விலகிப் போனவர்களில் இரண்டு மூன்று பேருக்கும் போன் போடுங்கள். அவர்கள்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள். கிடைக்கும் பதில்களில் பாதி, பணமே செலவாகாத விஷயமாக இருக்கும்.

அடுத்து ஒரே ஒரு தாள். இடப்பக்கம் நாட்கள்: சேருவதற்கு இருபது நாள் முன்பு, முதல் நாள், ஏழு, முப்பது, அறுபது, தொண்ணூறு. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆளின் பெயர். “எச்.ஆர்.”, “அட்மின்” என்று பிரிவின் பெயர் எழுதினால் பொறுப்பு காற்றில் போய்விடும். பெரிய கம்பெனியில் ஷூ ஸ்டோர்ஸிடம், கார்டு செக்யூரிட்டியிடம், லாகின் ஐ.டி. பிரிவிடம், சம்பளம் தலைமை அலுவலகத்திடம், மருத்துவப் பரிசோதனை இன்னொருவரிடம் என்று சிதறிக் கிடக்கும். யாரும் வேண்டுமென்று தாமதப்படுத்துவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை, அதுதான் சிக்கல். அந்த ஒரு ஆளை முதலில் நியமியுங்கள்.

எல்லாப் பிரிவுகளிலும் ஒரே நாளில் கொண்டுவர முயன்றால் திட்டம் சுற்றறிக்கையாகத்தான் முடியும். ஆள் அதிகம் விலகும் ஒரு டிபார்ட்மென்ட்டை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தலைமை அலுவலகம் தீர்மானிக்க வேண்டியவை சட்டம், சம்பளம், பாதுகாப்பு. மீதியை அந்தந்த ஆலையே தன் வழக்கத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளட்டும்.

கான்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் நம் பட்டியலில் இல்லை, கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்பது அலுவலகத்தில் சொல்லும் நியாயம். பைப் வெடித்தால் அது பட்டியலைப் பார்ப்பதில்லை. பாதுகாப்பு, கழிப்பறை, கேண்டீன், புகார் சொல்லும் வழி ஆகிய நாலும் முதல் நாளே அவர்களுக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க மூன்று எண் போதும். சேரும் நாளில் ஷூ, கார்டு, லாகின் எல்லாம் தயாராக இருந்தவர்கள் எத்தனை பேர். தனியாக வேலை செய்ய ஆரம்பிக்க எத்தனை நாள் ஆனது. தொண்ணூறு நாளுக்குள் விலகியவர்கள் எத்தனை பேர், எந்த டிபார்ட்மென்ட்டில். இண்டக்‌ஷன் முடிந்ததும் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டு வாங்கும் படிவத்தை நான் நம்புவதில்லை. டீயும் சமோசாவும் நன்றாக இருந்தால் நாலரை மார்க் வந்துவிடும்.

அதைவிட, முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் புதியவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். பேசுபவர் அவருடைய சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. வேலை செய்ய இன்னும் என்ன கிடைக்காமல் இருக்கிறது, யாரிடம் தயங்காமல் போய்க் கேட்க முடிகிறது என்ற இரண்டு கேள்வி போதும். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர்கூட வரவில்லை என்றால், அன்றைக்கே துணை ஆளை மாற்றுங்கள். பதில்களைப் பெயரில்லாமல் தொகுத்து மாதம் ஒரு முறை உற்பத்திப் பிரிவுத் தலைவரின் மேசையில் வையுங்கள். எச்.ஆர். கோப்பில் வைத்தால் அங்கேயே கிடக்கும்.